ஏற்கெனவே இருப்பவர்கள்: அமெரிக்கத் தொலைக்காட்சிக் கடையும் அதன் நெடுநாள் வாடிக்கையாளர்களும்

அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள் ஆண்டுதோறும் அரசிடம் விரிவான அறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும். கியூவிசி என்னும் தொலைக்காட்சி விற்பனை நிறுவனத்தின் அறிக்கைகளில் பல ஆண்டுகளாக ஒரு விவரம் ஏறக்குறைய மாறாமல் வந்துகொண்டிருந்தது. அதன் விற்பனையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல், முன்பே அங்கு பொருள் வாங்கியவர்களிடமிருந்தும், சிறிது காலம் விட்டிருந்து மறுபடி வந்தவர்களிடமிருந்தும் கிடைத்தது. முதல்முறை வாங்குகிறவர்களின் பங்கு மிகச் சிறியது. எந்த வியாபாரியும் ஏங்கும் நிலை இது. விளம்பரத்துக்குக் கொட்டிக் கொடுத்து ஆள் பிடிக்கத் தேவையில்லை. நேற்று வந்தவர் இன்றும் வருவார், நாளையும் வருவார்.

அப்படிப்பட்ட நிறுவனத்தை உள்ளடக்கிய குழுமம் 2020இல் சுமார் 1,420 கோடி டாலருக்கு விற்பனை செய்தது. 2024இல் அது சுமார் 1,000 கோடி டாலராகச் சுருங்கியது. காரணம் கேட்டால் உடனே கிடைக்கும் பதில்: மக்கள் கைபேசிக்குப் போய்விட்டார்கள், இளைஞர்கள் தொலைக்காட்சி பார்ப்பதில்லை. உண்மைதான். ஆனால், புதியவர்கள் ஏன் வரவில்லை என்பதற்குத்தான் அது பதில். விற்பனையில் பத்தில் ஒன்பது பங்கைத் தந்தவர்கள் ஏன் குறைந்தார்கள் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால் இந்த ஒரு தொழிலைப் பற்றி மட்டுமல்லாமல், கடந்த இருபது ஆண்டுகளில் சில்லறை வணிகம் தன் பழைய வாடிக்கையாளர்களைப் பார்க்கும் பார்வை எப்படி மாறியது என்பதைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம்.

தொலைக்காட்சிக் கடை என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவு வருவது நள்ளிரவில் நம் அலைவரிசைகளில் ஓடும் மொழிமாற்று விளம்பரங்களாக இருக்கும். உடல் மெலியவைக்கும் பெல்ட்டும் காய்கறி நறுக்கும் கருவியும் மாறி மாறி வரும் பதிவுசெய்த படங்கள் அவை. இங்கே பேசப்படுவது வேறு வகை. நாள் முழுதும் நேரலையாக இயங்கும் கடை. தொகுப்பாளர் அந்த நிமிடத்தில் பேசிக்கொண்டிருப்பார், பார்ப்பவர் அந்த நிமிடத்திலேயே வாங்குவார்.

அதன் பிறப்பு தற்செயலானது. 1977இல் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டரில் லோவல் 'பட்' பாக்ஸனின் சிறு வானொலி நிலையத்துக்கு ஒரு விளம்பரதாரர் பாக்கி வைத்திருந்தார். பணத்துக்குப் பதிலாக அவர் கொடுத்தது, அவகாடோப் பழத்தின் பச்சை நிறத்தில் 112 மின்சார டப்பா திறப்பான்கள். பேச்சு நிகழ்ச்சி நடத்திவந்த பாப் சர்கோஸ்டாவை அவற்றை ஒலிபரப்பிலேயே விற்கச் சொன்னார் பாக்ஸன். ஒன்று 9.95 டாலர். அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. 1982இல் பாக்ஸனும் ராய் ஸ்பியரும் உள்ளூர் கேபிளில் விற்பனை அலைவரிசை தொடங்கினார்கள். 1985இல் அது எச்எஸ்என் என்ற பெயரில் நாடெங்கும் போனது.

சட்டமும் அப்போதுதான் வழி விட்டிருந்தது. ஒளிபரப்பு நிலையங்கள் ஒரு மணி நேரத்தில் இத்தனை நிமிடம்தான் விளம்பரம் காட்டலாம் என்ற வழிகாட்டுதலை, தகவல்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமெரிக்கக் கூட்டாட்சி ஆணையம் 1984இல் கைவிட்டது. விற்பனை மட்டுமே செய்யும் நிலையங்களும் பொதுநலனுக்கு உதவுகின்றன என்று 1993இல் அதே ஆணையம் முடிவெடுத்தது. அதனால் உள்ளூர்க் கேபிள் நிறுவனங்கள் அவற்றையும் எடுத்துச் செல்ல வேண்டியதாயிற்று.

எச்எஸ்என்னின் தொடக்ககாலக் கடை சந்தடி மிகுந்தது. கூவி விற்பார்கள். பொருள் திரையில் இருக்கும்போதே வாங்க வேண்டும், போனால் போனதுதான். 1986 நவம்பர் 24 அன்று பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டரில் தொடங்கிய கியூவிசி இதற்கு நேர்மாறான வழியில் நடந்தது. நிறுவியவர் ஜோசப் செகல். நினைவு நாணயங்களையும் பதக்கங்களையும் அஞ்சல் வழியே விற்ற ஃபிராங்க்ளின் மின்ட்டையும் தொடங்கியவர் அவரே. அத்தகைய தொழில் ஒரு விற்பனையோடு முடிவதில்லை. தொகுப்பில் முதல் நாணயத்தை வாங்கியவர் அடுத்ததற்குக் காத்திருப்பார். இந்தப் பின்னணியிலிருந்து வந்தவர் தொலைக்காட்சிக் கடையையும் அதே கண்ணோடு பார்த்தார் என்பது என் கணிப்பு. கியூவிசியில் கூச்சல் இல்லை. அக்கம்பக்கத்தார் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசுவதுபோல் தொகுப்பாளர்கள் பேசினார்கள். எந்த நேரத்தில் எது விற்கப்படும் என்ற அட்டவணை முன்கூட்டியே கிடைத்தது. பிடிக்காத பொருளை 30 நாளுக்குள் திருப்பி அனுப்பிப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். முதலில் விற்ற பொருள், குளியலறையில் மாட்டும் ஒரு வானொலிப் பெட்டி, விலை 11.49 டாலர்.

கேபிள் நிறுவனங்களோடு அது செய்துகொண்ட ஏற்பாடும் முக்கியமானது. தங்கள் பகுதியில் நடக்கும் விற்பனையில் சுமார் 5 சதவீதம் அவர்களுக்குக் கிடைக்கும். எனவே கேபிள்காரருக்கும் அந்த அலைவரிசையை மக்கள் கண்ணில் படும் எண்ணில் வைப்பதில் அக்கறை இருந்தது. இரண்டு பெரிய அலைவரிசைகளுக்கு நடுவே ரிமோட்டைத் தட்டிக்கொண்டு போகும் விரல் தற்செயலாக அங்கே நிற்கும். நின்ற விரல்களில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிட்டது. கியூவிசியின் வாடிக்கையாளர் கூட்டம் இப்படித்தான் திரண்டது.

தங்கியவர்களுக்கு அங்கே என்ன கிடைத்தது? இங்கேதான் ஆய்வாளர்கள் அதிகம் எழுதியிருக்கிறார்கள். திரையில் தோன்றுபவரை நேரில் பழகியவராக உணரும் உறவைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956லேயே எழுதிவிட்டார்கள். 1991இல் ஆகஸ்ட் கிராண்ட், கெண்டல் கத்ரி, சாண்ட்ரா பால்-ரோக்கீச் ஆகிய மூவரும் அந்தக் கருத்தைத் தொலைக்காட்சிக் கடைக்குப் பொருத்திப் பார்த்தார்கள். பார்வையாளர் அந்த ஊடகத்தைச் சார்ந்திருப்பதும் தொகுப்பாளரோடு உணரும் ஒட்டுறவும் பார்ப்பதோடும் வாங்குவதோடும் பிணைந்திருப்பதை அவர்கள் ஆய்வு காட்டியது. தனிமையில் இருக்கும் வயதான பெண்கள் தொகுப்பாளரைத் தோழியாக நினைத்து வாங்குகிறார்கள் என்ற பொதுப் பேச்சுக்கு இத்தகைய ஆய்வுகள் ஆதாரமாக எடுத்தாளப்படுவதுண்டு.

அந்தப் பொதுப் பேச்சு எனக்குப் போதாததாகவே படுகிறது. அது வாடிக்கையாளரை ஏமாளியாகப் பார்க்கிறது. அந்தக் கடை கொடுத்த தகவலின் அளவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு சட்டையை எட்டு, பத்து நிமிடம் காட்டுவார்கள். வெவ்வேறு வயதும் உடல்வாகும் கொண்ட பெண்கள் அதை உடுத்தி நடப்பார்கள். துணி எவ்வளவு இழுபடும், துவைத்தால் சுருங்குமா, தோளிலிருந்து எத்தனை அங்குல நீளம் என்று சொல்வார்கள். துணிக்கடையில் தன் அளவுக்கு உடை தேடி அலுத்த ஒரு பெண்ணுக்கு, தன்னைப் போன்ற உடலில் அந்த உடையைப் பார்ப்பது பெரிய விஷயம். நடுவே தொலைபேசி ஒலிக்கும். முன்பே வாங்கிய ஒருவர் நேரலையில் பேசுவார். இரண்டு வருஷமாக இதைத்தான் பயன்படுத்துகிறேன் என்பார். அமேசானில் விமர்சனங்கள் பரவுவதற்கு முன்பே ஒரு வாடிக்கையாளர் இன்னொரு வாடிக்கையாளருக்குச் சொல்லும் ஏற்பாடு இங்கே இருந்தது. அதுவும் எழுத்தில் அல்ல, குரலில்.

ஜாய் மங்கானோவின் கதை இதை நன்றாக விளக்கும். கையால் தொடாமலே பிழிந்துகொள்ளக்கூடிய தரை துடைப்பானை உருவாக்கியவர் அவர். கியூவிசி தொகுப்பாளர் அதை முதலில் காட்டியபோது சரியாக விற்கவில்லை. தானே வந்து காட்டுகிறேன் என்று மங்கானோ வற்புறுத்தினார். 1992இல் அவர் திரையில் நின்று தரை துடைத்துக் காட்டியபோது அரை மணி நேரத்துக்குள் 18,000 துடைப்பான்கள் விற்றன என்று அந்த நிகழ்ச்சி பேசப்படுகிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தினமும் தரை துடைக்கிறவர்கள். எதிரில் நிற்பவருக்கும் அந்த வேலை பழக்கம் என்பது அவர்களுக்குப் பார்த்ததும் தெரிந்தது. நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் 1990இல் கியூவிசியில் நகை விற்க வந்தபோது தொலைக்காட்சியில் கடை போடுவது நட்சத்திரங்களுக்கு இழுக்கு என்ற எண்ணமே நிலவியது. 2014இல் இறக்கும்வரை அவர் அந்தத் தொடர்பை விடவில்லை. ஆடை வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க் 1992இல் இரண்டு மணி நேரத்துக்குள் 12 லட்சம் டாலர் அளவுக்குப் பட்டாடைகளை விற்றதாகச் செய்திகள் வந்தன. ஃபாக்ஸ் தொலைக்காட்சியைக் கட்டியெழுப்பிய பாரி டில்லர் அதே ஆண்டு கியூவிசியில் பங்கு வாங்கித் தலைமையேற்றார்.

நாள்தோறும் நள்ளிரவில் ஒரு சிறப்புப் பொருள் அறிவிக்கப்படும். அந்த விலை அந்த ஒரு நாளுக்கு மட்டும். வட்டியில்லாத் தவணை உண்டு. ஆண்டிறுதிப் பரிசுக் காலத்தில் வாங்கியதை ஜனவரி முடியும்வரை திருப்பித் தரலாம். இவை ஒவ்வொன்றும் தனியாகச் சிறு சலுகைதான். ஒன்றாகச் சேர்ந்து வருடக்கணக்கில் மாறாமல் நடந்தபோது அவை நம்பகத்தன்மையாயின. வாடிக்கையாளர் இந்தக் கடையின் நடைமுறையைக் கற்றுக்கொண்டிருந்தார். எந்தத் தொகுப்பாளர் சொல்வதில் எவ்வளவு தள்ளிக் கேட்க வேண்டும், எந்த உடையை ஒரு அளவு குறைத்து வாங்க வேண்டும், எந்த மாதத்தில் எந்தப் பொருளின் விலை இறங்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இந்த அறிவு அவருடைய சொத்து. பிந்தைய மாற்றங்கள் அவரை ஏன் அவ்வளவு காயப்படுத்தின என்பதை இதை வைத்துத்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நான் தயாரில்லை. திரையின் ஓரத்தில் குறைந்துகொண்டே வரும் கையிருப்பு எண்ணும் கடிகாரமும் யோசிக்கும் நேரத்தைப் பறிக்கவே வைக்கப்பட்டன. தவணை எளிதாக இருந்ததால் தேவைக்கு மேல் வாங்கிக் குவித்தவர்கள் உண்டு. உடல் எடை குறைக்கும் மாத்திரைகள் முதலியவற்றைப் பற்றி ஆதாரமற்ற கூற்றுகளை ஒளிபரப்பியதாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் கியூவிசி 2009இல் 75 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அந்தக் கூற்றுகளை நம்பியவர்களும் நெடுநாள் வாடிக்கையாளர்கள்தான். நம்பிக்கை ஆழமாக இருக்குமிடத்தில் அதைத் தவறாகப் பயன்படுத்துவதன் பாதிப்பும் ஆழமாகவே இருக்கும்.

மாற்றம் எங்கே தொடங்கியது என்று ஒரு நாளைக் குறிப்பிட முடியாது. ஆனால் 2005ஐத் தவிர்க்க முடியாது. அந்த ஆண்டு அமேசான் 79 டாலர் ஆண்டுக் கட்டணத்தில் பிரைம் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. தகுதியுள்ள பொருள்கள் இரண்டு நாளில், தனிக் கூலி இல்லாமல் வந்து சேர்ந்தன. அதுவரை தொலைக்காட்சிக் கடையில் பொருளுக்குப் பொருள் அனுப்புகூலி கட்டுவது யாருக்கும் பெரிய குறையாகத் தெரியவில்லை. பிறகு அது ஒவ்வொரு முறையும் கண்ணை உறுத்தியது. கூலி அதேதான், அதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற அளவுகோல் மாறிவிட்டது. தவணைக்கும் இதே கதி. கிளார்னா, அஃபர்ம் போன்ற நிறுவனங்கள் எந்த இணையக் கடையிலும் தவணை கிடைக்கச் செய்தபோது, தொலைக்காட்சிக் கடையின் தனிச்சிறப்பு ஒன்று எல்லோருக்கும் பொதுவாயிற்று.

உடைமை மாற்றங்கள் அடுத்தது. 2003இல் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட்டிடமிருந்த கியூவிசி பங்குகளை லிபர்ட்டி நிறுவனம் 790 கோடி டாலருக்கு வாங்கியது. 2015இல் அதே குழுமம் இளம் தாய்மார்களைக் குறிவைத்த ஸுலிலி என்ற இணையக் கடையை 240 கோடி டாலருக்கு வாங்கிற்று. எட்டு ஆண்டுக்குப் பின் அதை விற்றுக் கைகழுவியது. 2017 இறுதியில் எச்எஸ்என்னையும் முழுவதுமாக எடுத்துக்கொண்டது. முப்பது ஆண்டுகளாக எதிரும் புதிருமாக நின்ற இரு கடைகள் ஒரே வீட்டுக்குள் வந்தன. பங்குதாரருக்கு இதில் சிக்கனம் இருந்தது. வாடிக்கையாளரின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு. ஒன்றில் பிடிக்காவிட்டால் மற்றதற்குப் போகலாம் என்ற வாய்ப்பு அவருக்கு இருந்தது. அந்த வாய்ப்புதான் இரு கடைகளையும் ஒழுங்காக வைத்திருந்தது. பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனம் தரம் தாழும்போது அதில் இருப்பவர்கள் வெளியேறலாம் அல்லது குரல் எழுப்பலாம் என்று பிரித்துப் பார்த்தார். பற்று உள்ளவர்களே வெளியேறாமல் குரல் எழுப்புகிறவர்கள் என்றார். இந்தக் கடைகளைப் பற்றி மிகக் கடுமையாகக் குறைசொன்னவர்கள் இருபது, முப்பது ஆண்டுகளாக வாங்கியவர்களாக இருந்ததில் வியப்பில்லை. அவர்களுடைய முறையீட்டை முதுமையின் புலம்பலாக ஒதுக்கியது பெரும் பிழை.

பெருந்தொற்று அந்தப் பிழையைச் சில மாதங்கள் மறைத்தது. 2020இல் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் திரையைத் திறந்தார்கள், விற்பனை உயர்ந்தது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் குழுமம் பங்குதாரர்களுக்குச் சிறப்பு ஈவுத்தொகை வழங்கியது. 2021 டிசம்பர் 18 அன்று வட கரோலினாவின் ராக்கி மவுண்ட்டிலிருந்த கியூவிசியின் மிகப் பெரிய கிடங்குகளில் ஒன்று தீப்பற்றி எரிந்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். பொருள்கள் அனுப்புவது தடுமாறியது. அப்போது உலகெங்கும் கப்பல் போக்குவரத்தும் சிக்கலில் இருந்தது. ஒரு விபத்தால் மட்டும் நிறுவனங்கள் சரிவதில்லை. ஆனால் நல்ல ஆண்டுகளின் லாபத்தில் எவ்வளவு வாடிக்கையாளரை நோக்கித் திரும்பியது என்று கேட்கத் தோன்றுகிறது. அனுப்புகூலியைக் குறைக்க, காத்திருப்பைச் சுருக்க, தொலைபேசியில் மனிதக் குரலைத் தக்கவைக்க அது பயன்பட்டிருக்கலாம். 2022இல் விற்பனை சரிந்தது, 2023இல் ஆட்குறைப்பு நடந்தது. 2025 ஜனவரியில், ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எச்எஸ்என் இயங்கிவந்த வளாகத்தை மூடி வெஸ்ட் செஸ்டரோடு இணைப்பதாக அறிவிப்பு வந்தது. மார்ச்சில் சுமார் 900 பேர் வேலையிழந்தனர்.

பழைய வாடிக்கையாளர் கண்ணில் இவை எப்படித் தெரிந்தன? நாடெங்கும் நாள் முழுதும் நேரலையாக இருந்த ஒளிபரப்பில் பின்னிரவு மணிகள் மறு ஒளிபரப்பாயின. தூக்கம் வராத இரவுகளில் இதைப் பார்த்தவர்களுக்கு இது சிறிய மாற்றமல்ல. பழகிய தொகுப்பாளர்கள் சிலர் விடைபெறக்கூட நேரமில்லாமல் மறைந்தார்கள். இரு கடைகளிலும் ஒரே விற்பனையாளர்கள், ஒரே வகைப் பொருள்கள். இவையெல்லாம் செலவுக் குறைப்பின் விளைவுகள் என்று பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது முதல்முறை வாங்குகிறவருக்கான தள்ளுபடி. புதிய வாடிக்கையாளர் ஒரு குறியீட்டைத் தட்டினால் விலையில் பல டாலர் குறையும். இருபது ஆண்டு வாங்கியவர் அதே பொருளை அதே நாளில் முழு விலைக்கு வாங்க வேண்டும். சிலர் வேறு மின்னஞ்சல் முகவரியில் புதுக் கணக்குத் திறந்து தங்களையே புதியவர்களாக்கிக்கொள்கிறார்கள். ஒரு கடை தன் நல்ல வாடிக்கையாளரைத் தன் அடையாளத்தை மறைக்கத் தூண்டுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பழக்கம் தொலைக்காட்சிக் கடைக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் இதைப் பொதுப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற நுகர்வோர் உதவி அமைப்பு 2018 செப்டம்பரில் போட்டி ஆணையத்திடம் ஒரு முறையீடு கொடுத்தது. கைபேசி, இணைய இணைப்பு, வீட்டுக் காப்பீடு, வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு ஆகிய ஐந்து துறைகளில் நெடுநாள் வாடிக்கையாளர்கள் புதியவர்களைவிட ஆண்டுக்கு 410 கோடி பவுண்ட் கூடுதலாகச் செலுத்துகிறார்கள் என்பது அதன் மதிப்பீடு. முறையீட்டில் பொருள் இருக்கிறது என்று ஆணையமும் ஏற்றது. 2022 ஜனவரி முதல் வீட்டுக் காப்பீட்டிலும் வாகனக் காப்பீட்டிலும், புதுப்பிக்கிறவரிடம் அதே வகைப் புதியவரிடம் கேட்பதைவிட அதிகம் கேட்கக்கூடாது என்று நிதி ஒழுங்குமுறை அமைப்பு விதித்தது. சில்லறை வணிகத்துக்கு அப்படி விதி எதுவும் இல்லை. ஒரு துடைப்பானோ ஒரு கைப்பையோ காப்பீட்டைப் போல அவசியமானதல்ல என்பது ஒரு வாதம். ஆனால் பின்னாலுள்ள தர்க்கம் ஒன்றே: இருப்பவர் எப்படியும் இருப்பார், எனவே அவருக்குச் செலவிட வேண்டியதில்லை.

இந்தத் தர்க்கம் எங்கிருந்து வந்தது என்பதும் ஆராயத்தக்கது. 1990இல் ஃபிரெடரிக் ரைக்ஹெல்டும் ஏர்ல் சாஸரும் ஹார்வர்ட் வணிக இதழில் எழுதிய கட்டுரை இதற்கு நேர் எதிரானது. வாடிக்கையாளர் விலகலை 5 சதவீதம் குறைத்தால் லாபம் துறைக்குத் துறை 25 முதல் 85 சதவீதம்வரை கூடும் என்று அவர்கள் காட்டினார்கள். வணிகப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு அது புதிய செய்தியல்ல. இருந்தும், இணைய விளம்பரம் வந்தபின் நடைமுறை எதிர்த் திசையில் போனது. காரணம், அளக்க முடிவதுதான். ஒரு புதிய வாடிக்கையாளர் எந்த விளம்பரத்தைச் சொடுக்கி வந்தார், அவரைப் பிடிக்க எத்தனை டாலர் ஆனது என்பது அன்று மாலையே மேலாளரின் திரையில் வந்துவிடும். பழையவர் ஒருவர் ஏன் மெல்ல மெல்ல வாங்குவதைக் குறைத்தார் என்பதை அப்படிக் காண முடியாது. அவர் கணக்கை மூடுவதில்லை, கடிதம் எழுதுவதில்லை. மாதம் ஐந்து பொருள் வாங்கியவர் மூன்று வாங்குகிறார், பிறகு ஒன்று.

ஜேசி பென்னி என்ற அமெரிக்கப் பல்பொருள் கடைகளில் நடந்தது இதைவிடப் பட்டவர்த்தனமானது. ஆப்பிள் கடைகளை உருவாக்கிப் புகழ்பெற்ற ரான் ஜான்சன் அதன் தலைவராகி, 2012 பிப்ரவரியில் கூப்பன்களையும் அடுத்தடுத்து வரும் தள்ளுபடி விற்பனைகளையும் பெருமளவு நிறுத்தினார். தள்ளுபடி தருவதற்காக விலையை ஏற்றி எழுதும் பாசாங்கு வேண்டாம், நேரடியாகக் குறைந்த விலையே போடுவோம் என்றார். நேர்மையான யோசனை. ஆனால் கூப்பனைக் கத்தரித்து, எந்த வாரம் போனால் மலிவு என்று கணக்குப் போட்டு வாங்கிய லட்சக்கணக்கான பெண்களின் திறமைக்கு அங்கே இடமில்லாமல் போனது. ஒரே நிதியாண்டில் விற்பனை 1,730 கோடி டாலரிலிருந்து 1,300 கோடிக்கு இறங்கியது, நட்டம் 98.5 கோடி டாலர். 2013 ஏப்ரலில் ஜான்சன் வெளியேற்றப்பட்டார். அவர் எதிர்பார்த்த நாகரிகமான புதியவர்கள் வரவில்லை. இருந்தவர்கள் போய்விட்டார்கள்.

வீட்டுப் பொருள்கள் விற்ற பெட் பாத் அண்ட் பியாண்ட் கடையின் நீல நிறக் கூப்பன் ஒரு பொருளுக்கு 20 சதவீதம் குறைத்தது. காலாவதி தேதி தாண்டியும் கடைக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். காரின் முன்பெட்டியில் கூப்பன்களைச் சேர்த்து வைத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. 2019இல் வந்த புதிய நிர்வாகம் கூப்பன்களைக் குறைத்தது. பெயர்பெற்ற பிராண்டுகளை ஒதுக்கிச் சொந்தத் தயாரிப்புகளை அடுக்கியது. 2023 ஏப்ரலில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அந்தச் சமயத்தில் போட்டிக் கடைகள் சில, செல்லாமல் போன அந்த நீலக் கூப்பனைத் தாங்கள் ஏற்பதாக அறிவித்தன. உரியவர் தூக்கிப்போட்ட உறவின் மதிப்பு அடுத்த கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது.

எல்.எல்.பீன் என்ற ஆடை விற்பனை நிறுவனம் 2018இல் தன் புகழ்பெற்ற காலவரையற்ற திருப்பியளிப்பை ஓர் ஆண்டாகச் சுருக்கியது. அதில் நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். வேறெங்கோ பொறுக்கிய பழம்பொருளைக் கொண்டுவந்து பணம் கேட்டவர்கள் பெருகியிருந்தார்கள். மாற்றம் எதுவும் கூடாது என்பதல்ல என் வாதம். மாற்றத்தின் சுமையை யார் தாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

மீண்டும் தொலைக்காட்சிக் கடைக்கு வருவோம். 2025 மே மாதம் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங் பார்க்கும் நேரம், ஒளிபரப்பையும் கேபிளையும் சேர்த்த நேரத்தை முதல்முறையாகத் தாண்டியது என்று பார்வையாளர் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் அறிவித்தது. கேபிள் இணைப்பைத் துண்டிக்கும் வீடு, கியூவிசியின் அலைவரிசை எண்ணையும் சேர்த்தே துண்டிக்கிறது. நிறுவனம் இதை அறியாமலில்லை. ஸ்ட்ரீமிங் செயலிகள் தொடங்கியது. விற்பனையில் பாதிக்கும் மேல் ஏற்கெனவே இணையம் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பழைய வாடிக்கையாளர்கள் தொழில்நுட்பத்துக்குப் பயந்தவர்கள் என்ற எண்ணத்தை அந்த ஒரு விவரமே உடைக்கிறது. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே கையிலுள்ள கைபேசியில் வாங்க அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

2024இல் நிறுவனம் ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்காகவே ஒரு பெரிய பிரசாரம் தொடங்கியது. அந்த வயதுடைய ஐம்பது பெண்களை அதன் முகங்களாக முன்நிறுத்தியது. தன் வாடிக்கையாளர் யார் என்று வெளிப்படையாகச் சொல்லத் துணிந்த அந்த முடிவை நான் மதிக்கிறேன். அழகுசாதனமும் ஆடையும் விற்கும் தொழிலில் அந்த வயதுப் பெண்கள் கண்ணுக்கே தெரியாதவர்களாக நடத்தப்படுகிறார்கள்; பணமோ அவர்கள் கையில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே நிறுவனம் டிக்டாக்கின் கடைப் பகுதியில் நாள் முழுதும் நேரலை தொடங்குவதாக அறிவித்தது. இரண்டும் முரண்பட வேண்டியதில்லை. டிக்டாக்கிலும் நடுவயதினர் இருக்கிறார்கள். சீனாவில் 2016 முதல் தாவோபாவோ என்ற இணையக் கடையின் நேரலைகள் காட்டியதுபோல் கைபேசித் திரையிலும் தொகுப்பாளர் மேல் பற்று உருவாகும். அதேசமயம் ஃபேஸ்புக் 2022 அக்டோபரிலும் இன்ஸ்டாகிராம் 2023 மார்ச்சிலும் தங்கள் நேரலை விற்பனை வசதிகளை மூடிவிட்டன. நேரலை இருந்தாலே வாடிக்கையாளர் திரண்டுவிடுவார் என்பதற்கு உத்தரவாதமில்லை.

என் கவலை வேறு. செவ்வாய் இரவு எட்டு மணிக்கு இன்னார் சமையல் பாத்திரங்களோடு வருவார் என்று தெரிந்து வந்து உட்கார்ந்தவர்தான் கியூவிசியின் நெடுநாள் வாடிக்கையாளர். டிக்டாக்கில் எந்த நேரலை யார் கண்ணில் படும் என்பதைக் கணினி நிரல் முடிவு செய்கிறது. நேற்று வாங்கியவருக்கு இன்று அதே முகம் தானாக வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. யார் எதைப் பார்த்தார், எங்கே தயங்கினார் என்ற தகவல் கடைக்காரரைவிடத் தளத்திடமே அதிகம் சேர்கிறது. இரண்டு இடத்திலும் கடை தரகு கொடுக்கிறது. கேபிள் நிறுவனத்துக்குக் கொடுத்த 5 சதவீதத்துக்கு ஈடாக ஒவ்வொரு வீட்டிலும் மாறாத ஓர் அலைவரிசை எண் கிடைத்தது, தேடி வருகிறவர் அங்கே போனால் கடை இருந்தது. டிக்டாக்குக்குக் கொடுக்கும் தரகுக்கு அப்படி ஓர் எண் கிடைப்பதில்லை.